ஆற்றுக்கு விட்ட இடம்



இன்றைய நற்செய்தியை வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. சீடர்கள் கடைசியில் இளைப்பாறினார்களா? ஊர் ஊராய்ப் போய்ப் பணி செய்து களைத்துத் திரும்பியிருக்கிறார்கள். வருவோரும் போவோருமாய்க் கூட்டம். ஒரு வாய் உணவு எடுக்கவும் நேரமில்லை. தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்றே ஓய்ந்திருக்கும்படி ஆண்டவர் அழைக்கிறார். படகேறுகிறார்கள். ஆனால் மக்கள் கரைவழியே கால்நடையாய் விரைந்து, அவர்களுக்கு முன்னரே அங்கே போய் நிற்கிறார்கள். படகை விட்டு இறங்கியதும் மறுபடியும் கூட்டம், மறுபடியும் வேலை. இறங்கிய இடத்தில் ஓய்வெடுத்ததாக மாற்கு ஒரு சொல்லும் எழுதவில்லை.

தருவதாகச் சொன்ன ஓய்வை ஆண்டவரால் தர முடியாமற் போயிற்று என்றுதான் நான் பல ஆண்டுகள் இந்தப் பகுதியை விளங்கி வைத்திருந்தேன். இப்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்த ஓய்வு படகிலேயே கிடைத்துவிட்டது. இரண்டு கரைகளுக்கும் நடுவே, துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேளாத அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த தனிமையான இடம். போய்ச்சேரும் இடத்தில் அதைத் தேடியதால்தான் நான் இவ்வளவு காலமும் காணாமல் இருந்தேன்.

இதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு சைக்கிள் பாதை. உங்களில் பலருடைய வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. கிங்ஸ்டன் வீதியில் ஹைலண்ட் கிரீக் பாலத்தின் மேலால் நாம் எத்தனை தடவை காரில் போய்வந்திருப்போம்! பாலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. மோர்னிங்சைட் பூங்காவில் சைக்கிளை இறக்கி, ஓடையை ஒட்டிப் போகும் பாதையில் ஏறினால், ஐந்தாவது நிமிடத்தில் ஸ்காபரோவின் நகரச் சந்தடி காணாமற் போய்விடும். இரு பக்கமும் மரங்கள். ஓடை ஒருமுறை இடது கைப்பக்கம் வரும், சின்னப் பாலமொன்றைக் கடந்ததும் வலது கைப்பக்கம் வரும். பல்கலைக்கழகத்தின் பின்புறத்தைத் தாண்டி, கேணல் டான்ஃபோர்த் பூங்காவைத் தாண்டி, மெல்ல இறங்கி இறங்கி, கடைசியில் ரயில் பாலத்துக்குக் கீழே குனிந்து வெளியே வந்தால், ஒன்ராறியோ ஏரி. கரை தெரியாத தண்ணீர். முதல் தடவை அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அங்கிருந்து கிழக்கே திரும்பி, போர்ட் யூனியன் கரையோரமாய் ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் போனால் ரூஜ் ஆற்றின் முகத்துவாரம். சமதரை, ஏற்றம் இல்லை. முழங்கால் நோகிறவர்களும் ஓடலாம். இந்த ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் செனெகா பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று இருந்தது. அதன் பெயர் கனட்செக்வயாகன். 1669ஆம் ஆண்டின் குளிர்காலத்தை பிரான்சிலிருந்து வந்த சுல்பீசியன் குருவான ஃபெனலோன் அந்த ஊரில்தான் கழித்தார். நமக்கு முன்னரே இந்தத் தண்ணீரோரம் மனிதர்கள் நடந்திருக்கிறார்கள், தோணி சுமந்திருக்கிறார்கள், செபித்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவே இப்படியொரு அமைதி எப்படித் தப்பியது? ஒரு சதுர அடி நிலத்துக்கு இங்கே என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். வீடு வாங்கி நொந்தவர்கள் நாம். பள்ளத்தாக்குகளில் மட்டும் ஏன் யாரும் மாடி கட்டவில்லை?

கட்டியிருந்தார்கள். 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் இரவு, ஹேசல் என்ற சூறாவளி இந்த ஊர்மேல் வந்து கொட்டியது. ஏற்கனவே மழையில் ஊறிக் கிடந்த மண்ணுக்கு இனிக் குடிக்க இடமில்லை. அத்தனை நீரும் ஆறுகளுக்குள் இறங்கியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரேயொரு தெருவில் மட்டும் 35 பேர். தூங்கிக்கொண்டிருந்த வீடுகளை ஆறு அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு அரசு வெள்ளம் ஏறும் நிலங்களை வாங்கத் தொடங்கியது. 1957இல் நீர்நிலைப் பாதுகாப்புக்கென்று இந்தப் பெருநகருக்கு ஓர் அதிகாரசபை உருவாயிற்று. வீடு நின்ற இடங்களில் புல் முளைத்தது. பூங்கா வந்தது. பாதை வந்தது. ரேமோர் டிரைவில் அந்த வீடுகள் நின்ற இடத்தில் இன்று பிள்ளைகள் விளையாடுகிறார்கள், சைக்கிள் ஓடுகிறார்கள்.

பிரியமானவர்களே, நாம் அனுபவிக்கிற அமைதிக்குக் கீழே 81 பேருடைய சாவு இருக்கிறது. ஆற்றுக்கு ஆற்றின் இடத்தை விடவேண்டும் என்று ஒரு நகரம் கண்ணீரோடு படித்துக்கொண்டது. ஓய்வுநாளைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆண்டவருக்கு உரிய இடத்தை வாரத்திலிருந்து எடுத்து, அதிலும் ஒரு ஷிப்ட் கட்டி, அதற்கு மேல் ஒரு ரியூசன் வகுப்புக் கட்டி, அதற்கு மேல் நடன வகுப்பையும் ஒரு பிறந்தநாள் விழாவையும் ஏற்றிவைக்கிறோம். மழையில்லாத காலத்தில் எல்லாம் நின்றுபிடிக்கும். நோயாளரைப் பார்க்க நான் போகிற வீடுகளில், வெள்ளம் வந்து போன பிறகு எஞ்சியிருப்பதைப் பார்க்கிறேன். நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பு. ஒரே வீட்டில் இருந்தும் மாதக்கணக்காய் முகம் பார்த்துப் பேசாத கணவன் மனைவி. தகப்பன் இரவு வேலை, தாய் பகல் வேலை, குளிரூட்டிக் கதவில் ஒட்டிய துண்டுக் கடிதத்தில் வளர்கிற பிள்ளை. உங்களைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கு அனுப்பவும், கடன் கட்டவும், பிள்ளைகளை ஆளாக்கவும் நீங்கள் மாடாய் உழைத்ததை நான் அறிவேன். இயேசுவும் சீடர்களைக் கண்டிக்கவில்லை. அவர்கள் சாப்பிடவில்லை என்பதைக் கண்டார், படகைக் காட்டினார்.

இனி, சைக்கிள். நம் சனத்துக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல நான் யார்? போரால் எரிபொருள் தடைபட்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. பாரில் பிள்ளை, கரியலில் அம்மா, ஹாண்டிலில் அரிசிப் பை. மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்த படகுகளிலும் சைக்கிள்கள் ஏறின. இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே அன்று நம்மோடு இருந்தது அச்சம் மட்டுமே. பிறகு 1995 ஒக்டோபர் 30. மழை. போருக்குத் தப்பி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி யாழ்ப்பாண நகரமே நகர்ந்தது. அந்த இரவில் யாரும் சைக்கிள் ஓடவில்லை. ஏற இடமில்லாத நெரிசலில் உருட்டிக்கொண்டு போனோம். இரு பக்கமும் தண்ணீர் இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை.

அதே 1995ஆம் ஆண்டில்தான், இந்த ஒன்ராறியோ ஏரியின் கரையோரமாய், ஊர்களை ஊர்களோடு இணைத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓடுபவர்களுக்குமான நெடும்பாதை திறக்கப்பட்டது. போர்ட் யூனியனில் நாம் ஓடுவது அந்தப் பாதையின் ஒரு துண்டு. இரண்டு செய்தியையும் ஒன்றாய் வைத்துப் பார்த்த நாளில் நான் செபமாலையைக் கையில் எடுத்தேன். நாம் தண்ணீரோரமாய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடிய அதே ஆண்டில், உலகத்தின் மறுபக்கத்தில், நமக்குப் பெயர் தெரியாத ஓர் ஏரியின் ஓரம், அச்சமில்லாமல் ஓட ஒரு வழி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஆயர் தம் ஆடுகளை அமைதியான நீர்நிலைக்கு நடத்துகிறார் என்று இன்று பதிலுரையாகப் பாடினோமே. இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கும் அதே திருப்பாடலில்தான் இருக்கிறது. இரண்டையும் கடந்து வந்தவர்கள் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள். அந்த இரவில் வழியில் தவறியவர்களை இந்தப் பலியில் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சபை சைக்கிளை அற்பமாய் நினைக்கவில்லை. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, கிசல்லோ என்ற குன்றில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த ஆலயச் சுவரெங்கும் சைக்கிள்களைக் காணிக்கையாய்த் தொங்கவிட்டிருக்கிறார்கள். மடுமாதாவிடம் சைக்கிளிலும் நடையிலும் போன நமக்கு இது புதுமையாய்த் தெரியாது.

பாதையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த நகரப் பூங்காப் பாதைகளில் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. 401 நெடுஞ்சாலையில் நூறு, நூற்றிருபது என்று பறக்கிற நமக்கு அது முதலில் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில்தான் எதிரே வருகிறவருடைய முகம் தெரியும், வணக்கம் சொல்ல நேரம் இருக்கும். பிள்ளை பின்னாலிருந்து ஏதோ கேட்டால் காதில் விழும். பெல் இல்லாமல் ஓடக்கூடாது என்பது இந்த மாகாணச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஹெல்மெட் போடவேண்டும் என்பதும் சட்டம். பெரியவர்களே, நீங்களும் போடுங்கள். நடந்துபோகும் முதியவரைக் கண்டால் தூரத்திலேயே பெல் அடித்து, மெல்ல விலகிப் போங்கள்.

செப்டெம்பர் வந்ததும் சல்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஹைலண்ட் கிரீக்குக்குள் ஏறும். முட்டையிட, நீரோட்டத்தை எதிர்த்து, கல்லில் அடிபட்டு அடிபட்டு ஏறும். பாலத்தில் நின்று பார்க்கலாம். போன ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் அந்த மீன்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னம்மா என்று கேட்டேன். "ஃபாதர், இதுகள் எல்லாம் பிறந்த இடத்துக்குப் போகுதுகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மோர்னிங்சைட் பூங்கா வாகனத் தரிப்பிடத்தில் நிற்பேன். சைக்கிள் இல்லாதவர்கள் இன்றே எனக்குச் சொல்லுங்கள், கோவில் கராஜில் மூன்று இருக்கின்றன, காற்றடித்து செயினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஓட இயலாதவர்கள் போர்ட் யூனியன் கரைக்குக் காரில் வாருங்கள், அங்கே இருக்க வாங்குகள் உண்டு. முகத்துவாரத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொல்லுவோம். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வருகிறேன்.