ஒழுகும் கூரையும் வேயாத மனமும்

பௌத்த நூலான தம்மபதத்தின் முதற்பகுதி யமக வர்க்கம். அதன் 13, 14 ஆம் பாடல்கள் கூரையை உவமையாக்குகின்றன. வேய்ச்சல் சரியில்லாத வீட்டுக்கு மழை எப்படியோ, பண்படாத மனத்துக்கு ஆசை அப்படி என்பது அவற்றின் கருத்து.

உவமை புல்லும் ஓலையும் வேய்ந்த வீட்டில் பிறந்தது. அத்தகைய கூரை நீரைத் தாங்கி நிற்பதில்லை, வழிந்தோடச் செய்கிறது. சரிவு போதாவிட்டாலும், முகட்டில் வேய்ச்சல் மெலிந்தாலும், மக்கிய ஓலையை மாற்றாமல் விட்டாலும் ஒழுகும். கான்கிரீட் மாடியிலும் காரணங்கள் இவற்றை ஒத்தவையே: வாட்டம் இல்லாத தளம், குப்பை அடைத்த மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேருமிடத்து விரிசல். மழை எல்லா வீட்டின்மேலும் ஒன்றாகத்தான் பெய்கிறது. ஒழுகுவது பழுதுள்ள வீடு மட்டுமே.

ஆசையைத் தூண்டும் பொருள்களும் அப்படியே. தம்மபதத்தின் உரைநூல் இப்பாடல்களைப் புத்தரின் சிற்றன்னை மகன் நந்தரோடு இணைக்கிறது. திருமண நாளிலேயே துறவு பூண்ட அவர், மணப்பெண் நினைவில் தவித்தார். இருப்பிடம் மாறியது, மனக்கூரை மாறவில்லை.

உதானம் என்னும் மற்றொரு பௌத்த நூலோ, மூடிவைத்ததையே மழை நனைக்கும், ஆதலால் திறந்துவிடுக என்ற பொருளில் பேசுகிறது. சாவத்தி நகரில் ஓர் உபோசத (நோன்பு) நாளில், ஒழுக்கம் கெட்ட பிக்கு ஒருவர் தம் குற்றத்தை மறைத்துச் சங்கத்தின் நடுவே அமர்ந்திருந்தார். புத்தர் பாதிமோக்கம் என்னும் துறவு விதித்தொகுப்பை ஓதவில்லை. அவருடைய சீடர் மொக்கல்லானர் அந்தப் பிக்குவை வெளியேற்றினார். இதுவே அக்கூற்றின் பின்னணி.

இவ்விரு நூல்களின் கூற்றுகளும் முரண்படுவதாகத் தோன்றுவது சொல்லளவில்தான். முதலாவதில் மூடுதல் என்பது வேய்தல், இரண்டாவதில் மறைத்தல். ஓதக்கறைமேல் வெள்ளையடித்தால் கறை மறையும், ஒழுக்கு நிற்காது. உள்ளே ஊறும் நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். விரிசலைத் திறந்து சுத்தம் செய்த பிறகே பூச்சு பிடிக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்வது அந்தத் திறப்பு. மனப்பயிற்சி அதன்பின் வரும் வேய்ச்சல்.

எனினும் வேய்தல் இறுதி இலக்கு அன்று. தம்மபதத்தின் 153, 154 ஆம் பாடல்களில் பிறவி வீடாகவும், வேட்கை அதைக் கட்டுபவனாகவும் உருவகம் பெறுகின்றன. கைமரம் முறிந்து முகடு சிதைவதே அங்கே விடுதலை. வீட்டில் இருக்கும்வரை கூரையைப் பேணுவது ஒழுக்கம். வீடே தேவைப்படாத நிலை நிப்பானம் (நிர்வாணம்).