விளக்கைக் குளிர வைத்தல்

எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பதில்லை, குளிர வைப்போம். கல்யாணமாகித் தொண்டாமுத்தூருக்கு வந்த புதிதில், ஒரு நாள் அவசரத்தில் வாயால் ஊதப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊதக் கூடாது அம்மிணி. ஒரு பூவை வெச்சுக் குளிர வை” என்றார். முப்பத்தைந்து வருடங்களாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தச் சொல்லின் கனம் எனக்குப் போன வருடக் கார்த்திகை தீபத்தன்றுதான் விளங்கியது.

அன்று திண்ணை, கிணற்று மேடு, மாட்டுச் சாளை, சாமி அலமாரி என்று எல்லா இடத்திலும் அகல் வைத்தோம். எண்ணெய் தீர்ந்தால் தானாக மலையேறிவிடும் என்று படுத்துவிட்டோம். நடுச்சாமத்தில் மூச்சு முட்டி விழித்தேன். தேங்காய் மட்டையும் காலிச் சாக்குகளும் போட்டு வைத்திருந்த அறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. யானை நடமாடும் ஊர் என்பதால் இருட்டியதும் கிரில் கேட்டைப் பூட்டிவிடுவோம். அந்தச் சாவியைத் தேடிய இரண்டு நிமிடங்களை என்னால் மறக்க முடியாது. அத்தையை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்த பிறகு, மகன் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் அடித்தான். காலையில் பார்த்தால் சாமி அலமாரியில் ஓர் அகலில் திரி இல்லை. எண்ணெய் வாசத்துக்கு வந்த எலி, எரிகிற திரியைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது.

“சாமி காப்பாத்திருச்சு” என்றார் அத்தை. நானும் அதை மறுக்கவில்லை.

அடுத்த வாரம் மகன் ஒரு சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டரும், கூரையில் மாட்டும் புகை அலாரமும், அடுப்படிக்கு ஒரு தீப்போர்வையும் வாங்கி வந்தான். அத்தைக்கு மனசு ஒப்பவில்லை. “வெள்ளிங்கிரி ஆண்டவர் காலடில இருக்கறம். பட்டீசுவரர் பாத்துக்க மாட்டாரா? சாமி ரூமுக்குப் பக்கத்துல இதெதுக்குங் கண்ணு?” என்று பேரனிடம் கேட்டார். அவன் “இருக்கட்டுங்க ஆத்தா” என்பதோடு நிறுத்திக்கொண்டான். அந்தக் கேள்வியை என்னால் அப்படி விட முடியவில்லை. கடவுள் காப்பார் என்று நம்புகிறவள், காப்புக்கு வேறொன்றைத் தேடினால் அந்த நம்பிக்கைக்கு என்ன பொருள்?

பிரதோஷத்துக்குப் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்குப் போனபோது கனகசபையில் நடராசர் முன்னால் வெகுநேரம் நின்றேன். பின் இடக்கையில் நெருப்பு. முன் வலக்கை ‘அஞ்சாதே’ என்கிறது. இத்தனை வருடம் இரண்டு கையையும் தனித்தனியாகக் கும்பிட்டிருக்கிறேன். நெருப்பைக் கையில் அடக்கி வைத்திருப்பவர் என்பதால்தான் அவர் ‘அஞ்சாதே’ என்று சொல்லும்போது மனம் நம்புகிறது என்று அன்று தோன்றியது. ஓமகுண்டத்துக்குச் செங்கல் வரம்பு கட்டுவதும், குத்துவிளக்குக்கு அடியில் தட்டு வைப்பதும் அதனால்தான். பண்ணாரியில் அம்மனை நம்பிக் குண்டம் இறங்குகிற இடத்திலும் தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. அம்மன்மேல் நம்பிக்கை இல்லாமல் அதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று எந்தப் பக்தரும் சொன்னதில்லை.

1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர். அதே வருடம் ஜூலை 16-ம் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். யாகசாலைக்கு வந்தவர்களுக்கா பக்தி குறைவு? அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? சாமி கைவிட்டார் என்று சொல்ல என் நாக்கு எழாது. மூன்று இடத்திலும் தலைக்கு மேலே இருந்தது கீற்று. எங்கள் தோப்பில் முடைகிற அதே தென்னங்கீற்று. அதை அங்கே வேய்ந்தது மனிதக் கை. செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் மனிதக் கைதான். வருமுன் காக்காதவன் வாழ்வை நெருப்புக்கு முன்னால் இருக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அதைக் குற்றங்கடிதல் அதிகாரத்தில் வைத்தார். கவனக்குறைவை அவர் விதியின் கணக்கில் எழுதவில்லை, நம் குற்றத்தின் கணக்கில் எழுதினார்.

இப்போது எங்கள் வீட்டில் தீயணைப்புச் சிலிண்டர் அடுப்பை ஒட்டி இல்லை, வெளிவாசல் ஓரத்தில் தொங்குகிறது. அதை எடுக்கிறவருக்கு வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா என்று அமாவாசைக்கு அமாவாசை பார்க்கிறேன். பின்னை இழுத்து, கொழுந்தை விட்டுவிட்டு நெருப்பின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். சில வினாடிகளில் பவுடர் தீர்ந்துவிடும். அதில் அடங்காவிட்டால் வெளியே வந்து 101-ஐ அழைக்க வேண்டும். புகை அலாரம் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் அலறியதால் படுக்கையறை வாசலுக்கு மாற்றினோம். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை நிறுத்தி, மூடியாலோ போர்வையாலோ மூட வேண்டும் என்பதை வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்தேன். கேஸ் டியூப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். கிரில் சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி அடித்தாயிற்று. அகல்கள் இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் எரிகின்றன.

இந்த ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அத்தை, அந்தச் சிவப்புச் சிலிண்டருக்கும் சந்தனம் வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காக்கிற கருவியைக் கும்பிடுவது நம் ஊருக்குப் புதிதல்ல.

விளக்கு ஏற்றுவது பூசையின் பாதிதான். குளிர வைக்கும்போதுதான் அது நிறைவேறுகிறது. ஏற்றினவரே அதற்கும் பொறுப்பு. நெருப்பைத் தெய்வம் என்று கும்பிடுகிறவர்கள் அதைக் கவனிப்பாரில்லாமல் விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு பூவை எடுத்து உங்கள் வீட்டு விளக்கைக் குளிர வையுங்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவுச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் படுங்கள்.