துக்கம் கேட்க வீடில்லாதவர்கள்

ஒரு நடிகரோ பாடகரோ இறக்கும்போது அழுகிற ரசிகருக்கு அந்தச் சாவில் எந்த உறவுமுறையும் கிடையாது. தமிழர் வழக்கில் இழவு என்பது முறை வைத்து நடப்பது. கொள்ளி வைக்க மகன், கோடி கொண்டுவர சம்பந்தி வீட்டார், நீர்மாலைக்குப் போகப் பங்காளிகள் என்று ஆள் குறிக்கப்பட்டிருக்கும். யார் மொட்டை போட வேண்டும், யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்பதெல்லாம் பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்ட விஷயங்கள். இந்த ஏற்பாட்டில் அழுகைக்கு ஓர் இடம் கிடைக்கிறது. பதினாறாம் நாள் கருமாதியோடு ஒரு முடிவும் கிடைக்கிறது. ஊரே வீடு தேடி வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறது. ரசிகர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். கண் சிவந்திருந்தால், ‘அவர் உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்க மட்டும் ஆள் இருக்கும்.

கேள்வி நியாயமானதுதான். அந்தக் கலைஞருக்கு இந்த ரசிகரின் பெயர்கூடத் தெரியாது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இல் எழுதிய கட்டுரையில், வானொலியும் தொலைக்காட்சியும் உண்டாக்கும் இந்த ஒருவழி நெருக்கத்தை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தார்கள். திரையில் இருப்பவர் நேராகப் பார்த்துப் பேசுகிறார். பார்ப்பவருக்குப் பழகிய மனிதர் ஆகிவிடுகிறார். ஆனால் பதில் பேச வழியில்லை. அமெரிக்கரான கென்னத் டோக்கா 1989-இல் இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒரு வகை உண்டு, வெளிப்படையாக அழ உரிமை கிடைக்காததாலேயே அது ஆறத் தாமதமாகிறது என்பது அவர் கருத்து. ரசிகரின் துக்கம் இந்த வகைக்குள் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் ஒருவழி நெருக்கம் என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் விளங்கும். கலைஞர் கொடுத்தது பொய்யான ஒன்றன்று. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை எடுத்துக்கொள்ளலாம். 1966-இல் தெலுங்கில் பாடத் தொடங்கி, 1969 முதல் தமிழ்ப் படங்களில் ஒலித்த குரல் அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் பேருந்திலும் டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் இருந்தது. மூன்று தலைமுறையினர் தங்கள் காதலையும் ஏமாற்றத்தையும் இரவுப் பயணத்தையும் அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட பாட்டு என்றால் ஒரு குறிப்பிட்ட ஆண்டு, ஒரு குறிப்பிட்ட ஊர், இப்போது உயிரோடு இல்லாத ஒரு அப்பா. பாடியவர் போகும்போது இவையெல்லாம் ஒருமுறை கிளறப்படுகின்றன. ரசிகரின் அழுகையில் கலைஞருக்கான பங்கு எவ்வளவு, தன் கடந்த காலத்துக்கான பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். உறவினர் சாவிலும் இதே கலப்புதான் இருக்கிறது. ஒப்பாரியை நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், பாடுகிறவள் இறந்தவரைச் சொல்லித் தன் கதையையும் சேர்த்தே அழுகிறாள்.

இத்தகைய கூட்டுத் துக்கம் சினிமாவோடு சேர்ந்தே பிறந்துவிட்டது. பேசாப்பட நாயகன் ருடால்ஃப் வாலண்டினோ 1926 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கில் 31 வயதில் இறந்தபோது, உடல் வைக்கப்பட்டிருந்த இடத்தைச் சூழ்ந்த கூட்டத்தின் நெரிசலில் கண்ணாடிகள் நொறுங்கின. எகிப்தில் 1975 பிப்ரவரியில் பாடகி உம் குல்தும் இறந்தபோது, கெய்ரோ மக்கள் சவப்பெட்டியைச் சுமந்து சென்றவர்களிடமிருந்து தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தாங்கள் நினைத்த வழியில் தூக்கிச் சென்றார்கள். பார்க்க அமளிபோலத் தெரியும். ஆனால் தூக்குவது உறவுக்குரிய உரிமை. கெய்ரோ கூட்டம் அன்று எடுத்துக்கொண்டது அதைத்தான்.

தமிழ்நாட்டில் இந்த உரிமைக் கோரிக்கை உச்சத்துக்குப் போனது எம்.ஜி.ஆருக்காக. அதன் முன்னோட்டம் 1984-இல் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிறகு நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது தியேட்டர்களில் ‘ஒளி விளக்கு’ (1968) படப் பாடல் ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்தது. அது அவருடைய நூறாவது படம். கதையில் தீ விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் நாயகனுக்காகச் சௌகார் ஜானகி இறைவனிடம் மன்றாடும் காட்சி, குரல் பி. சுசீலாவுடையது. கதைக்காக எழுதப்பட்ட வேண்டுதலை மக்கள் நிஜ வேண்டுதலாக்கிக்கொண்டார்கள். கோயிலும் தியேட்டரும் ஒரே வேலையைச் செய்த நாட்கள் அவை. அவர் 1985 பிப்ரவரியில் உயிரோடு திரும்பி வந்தபோது, வேண்டிக்கொண்டவர்கள் தங்கள் வேண்டுதல் பலித்தது என்றே நம்பினார்கள். காப்பாற்றியதில் தனக்கும் பங்குண்டு என்று நினைத்தவருக்கு அந்த உயிர் அந்நியமாக இருக்க முடியாது.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டது. தமிழகமெங்கும் ஆயிரக்கணக்கான ஆண்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். இதைச் சாதாரண மரியாதையாக எடுத்துக்கொண்டு கடந்துவிடக் கூடாது. மொட்டை மகன் செய்வது. பெற்ற பிள்ளை இல்லாத ஒருவருக்கு ஊர் ஊராக மகன்கள் கிளம்பினார்கள். வீடுகளில் படம் வைத்து மாலை போட்டு, பதினாறாம் நாள் காரியம் செய்தவர்களும் உண்டு. உரிமைக்கான போட்டி மண்டபத்துக்குள்ளேயே நடந்தது என்பது அரசியல் வரலாறு. ஜெயலலிதா இரண்டு நாட்கள் உடலின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றதும், இறுதி ஊர்வல வண்டியில் ஏறியபோது இறக்கிவிடப்பட்டதும் நாடறிந்தவை. தலைமாட்டில் நிற்பவர் யார் என்பது தமிழ்நாட்டில் சின்ன விஷயமன்று. அடுத்த முப்பதாண்டு அரசியலின் ஒரு பகுதி அந்த இரண்டு நாட்களில் எழுதப்பட்டது. இன்றும் மெரினா நினைவிடத்துக்கு வருகிறவர்களில் பலர் சமாதிக் கல்லில் காதை வைத்து, அவரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கைக்கடிகாரம் உள்ளே ஓடுகிறதா என்று கேட்கிறார்கள். கேட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுகிறவர்கள் எல்லோரும் அதை முழுதாக நம்புகிறார்கள் என்று சொல்ல முடியாது. அவ்வளவு பக்கத்தில் காது வைக்க ஒரு காரணம் கிடைக்கிறது, அது போதும்.

அந்த நாட்களுக்கு இருண்ட பக்கமும் உண்டு. கடைகள் சூறையாடப்பட்டன, வன்முறையில் உயிர்கள் போயின, சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அத்தகைய மரணங்களைத் தலைவரின் பெருமைக்குச் சான்றாக எண்ணிக்கை போட்டுச் சொல்லும் பழக்கம் மேடைகளில் நெடுநாள் இருந்தது. மிகவும் கெட்ட பழக்கம் அது. இறந்துபோனவர்களின் வீட்டில் உண்மையான இழவு விழுந்தது. அங்கே பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். பெருமை பேசிய எவரும் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்வரை கூடப் போயிருக்க மாட்டார்கள்.

வெறியாட்டம் ரசிகனின் இயல்பு என்று சொல்பவர்கள் பெங்களூரைப் பார்க்க வேண்டும். கன்னட நடிகர் ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12 அன்று இறந்தார். எதிர்பாராத சாவு, முறையான ஏற்பாடு இல்லை, உடலை எங்கே, எப்போது பார்க்கலாம் என்பதில் குழப்பம். நகரம் இரண்டு நாள் எரிந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 2021 அக்டோபர் 29 அன்று அவருடைய இளைய மகன் புனித் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்தார். வயது 46. இது முன்னதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஆனால் இம்முறை உடல் கண்டீரவா அரங்கில் வைக்கப்பட்டது. வரிசை ஏற்படுத்தப்பட்டது. மகள் அமெரிக்காவிலிருந்து வரும்வரை அடக்கம் தள்ளிவைக்கப்பட்டதால் மக்களுக்கும் நேரம் கிடைத்தது. லட்சக்கணக்கானோர் வந்து, பார்த்து, அழுது, திரும்பினார்கள். அதே நகரம், அதே குடும்பம், இடையில் 15 ஆண்டுகள். அரசு பாடம் கற்றுக்கொண்டது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, வந்தவருக்கு நிற்க ஓர் இடமும், உடலைப் பார்க்க ஒரு கணமும் உறுதியாகியிருந்தன. துக்கக்காரருக்கு வேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

பெங்களூரில் இன்னொன்றும் நடந்தது. ராஜ்குமாரின் கண்கள் தானமாகத் தரப்பட்டிருந்தன, 2017-இல் அவர் மனைவி பர்வதம்மாவின் கண்களும், இப்போது மகனுடையவையும். புனித்தின் கருவிழிகளைப் பிரித்துப் பொருத்தியதில் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. அதன்பின் கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பதிவு செய்தவர்களின் வரிசை நீண்டது. தமிழ்நாட்டில் விவேக் இறந்தபோதும் (2021 ஏப்ரல் 17) இதே போக்கைக் காண முடிந்தது. அப்துல் கலாமின் தூண்டுதலால் ஒரு கோடி மரம் நடுவது என்று கிளம்பி, பல லட்சம் நட்டு முடித்திருந்த மனிதர் அவர். பேனர் கட்டியிருக்க வேண்டிய இளைஞர்கள் அன்று மரக்கன்று வாங்கக் கிளம்பினார்கள். விஜயகாந்துக்குச் (2023 டிசம்பர் 28) சோறு. படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று நின்றவர் என்பதால், கோயம்பேட்டில் அவர் நினைவிடத்தில் அன்னதானம் தொடர்கிறது. மொட்டை அடிப்பதைவிட இவை உயர்ந்தவை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாம். பயனைப் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இறந்தவருக்காகத் தன் கையால் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அது. காரியம் செய்யும் உரிமை இல்லாதவர், இறந்தவர் விட்டுப்போன காரியத்தை எடுத்துக்கொள்கிறார்.

விஜயகாந்த் சாவில் வேறொரு சங்கதியும் கலந்திருந்தது. கடைசி ஆண்டுகளில் நோயால் தளர்ந்த அவருடைய பேச்சும் நடையும் மீம்களில் பரிகசிக்கப்பட்டன. சிரித்தவர்களில் பலர், அவர் உடல் வைக்கப்பட்ட தீவுத்திடல் வரிசையிலும் நின்றிருப்பார்கள். உறவினர் சாவிலும், கடைசிக் காலத்தில் கவனிக்காத பிள்ளைதான் அதிகச் சத்தமாக அழும் என்பது ஊர்ப்பேச்சு. பழைய கதையும் இதுதான். ‘ஹரிதாஸ்’ (1944) மூன்று தீபாவளி கண்ட நாட்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரைத் தலையில் தூக்கி வைத்த கூட்டம், சிறையிலிருந்து 1947-இல் விடுதலையாகி வந்தவரின் படங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1959 நவம்பர் 1 அன்று அவர் இறந்தபின் புகழ் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

உடலே பார்க்க முடியாத துக்கம் எப்படியிருக்கும் என்பதை 2020 காட்டியது. எஸ்.பி.பி. ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றுடன் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தபோது, லேசான காய்ச்சல்தான், கவலைப்பட வேண்டாம் என்று தானே காணொளியில் சிரித்த முகத்துடன் சொன்னார். ஒரு வாரத்தில் நிலைமை மாறியது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு, இயக்குநர் பாரதிராஜாவின் அழைப்பின்பேரில், மக்கள் அவரவர் இருந்த இடத்தில் அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தித்தார்கள். 1984-இல் தியேட்டரில் நடந்தது இப்போது வீட்டுக்குள் நடந்தது. மகன் எஸ்.பி. சரண் அவ்வப்போது தந்த நிலவரம், ஒவ்வொரு குடும்பத்திலும் தன் வீட்டுச் சேதியாகக் கேட்கப்பட்டது. 51 நாள் கழித்து, செப்டம்பர் 25 பிற்பகல் உயிர் பிரிந்தது. மறுநாள் திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில், காவல்துறை மரியாதையுடன் அடக்கம். ஊரடங்குக் கட்டுப்பாடுகளால் பெரும்பாலோருக்கு வர வழியில்லை. இளையராஜா திருவண்ணாமலைக் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினார். அரை நூற்றாண்டு நண்பரே தூரத்தில் விளக்குத்தான் ஏற்ற முடிந்தது என்றால், ரசிகர்கள் பாட்டுக் கேட்பதைத் தவிர என்ன செய்ய முடியும்? கேட்டார்கள். சிலர் சில மாதங்கள் கேட்காமலே இருந்தார்கள். அதுவும் ஒரு தீட்டுக் காப்பதுதான்.

கூட்டமும் ஊடகமும் துக்கத்தின் பெயரால் வீட்டுக்காரரின் துக்கத்தைப் பறித்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது, சில தொலைக்காட்சிகள் குளியல் தொட்டியை வைத்தே நிகழ்ச்சி நடத்தின. பிள்ளைகள் பார்ப்பார்களே என்று யாருக்கும் தோன்றவில்லை. உறவு கொண்டாடுகிறவர் உறவுக்குரிய அடக்கத்தையும் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமாகாது. கண்டீரவா வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

எல்லாத் துக்கமும் உரிய நாளில் வருவதுமில்லை. பாடகி ஸ்வர்ணலதா 2010 செப்டம்பர் 12 அன்று 37 வயதில் இறந்தார். ‘கருத்தம்மா’ பாடலுக்குத் தேசிய விருது பெற்றவர். பேட்டிகளில் அதிகம் தென்படாதவர். அன்று செய்தித்தாளில் சிறு செய்தி, திரையுலகத்தின் இரங்கல், அவ்வளவோடு நின்றது. அவருக்காக அழும் கூட்டம் பின்னால்தான் சேர்ந்தது, ஆண்டுதோறும் பெருகியும் வருகிறது. அதில் பலர் அவர் பாடிக்கொண்டிருந்த காலத்தில் தொட்டிலில் இருந்தவர்கள். சிலர் அவர் இறந்தபின் பிறந்தவர்கள். ஒரு பாட்டைத் தற்செயலாகக் கேட்டு, யார் பாடியது என்று தேடி, தேடிய அன்றே சாவுச் செய்தியையும் தெரிந்துகொள்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சாவு அன்றைக்குத்தான் நடக்கிறது.