நிமிர்ந்து உட்கார்ந்தவள்

பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் 1874 முதல் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் கலந்துகொண்டவர் கமில் பிஸ்ஸாரோ ஒருவர்தான். உழவர் வீட்டுப் பெண்களை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். 1881-இல் வரைந்த இரண்டு படங்களை என்னால் மறக்க முடியவில்லை. ஒன்றில், புல்மேட்டில் உட்கார்ந்திருக்கும் சிறுபெண், கையில் மெல்லிய குச்சியோடு ஏதோ யோசனையில் இருக்கிறாள். மற்றொன்றில், ஜன்னலோரம் ஒருத்தி காப்பியைக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். இருவரும் நம்மைப் பார்ப்பதில்லை. அந்த நேரம் அவர்களுடையது.

1857-இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த, கதிர் பொறுக்கும் பெண்கள் குனிந்தே இருக்கிறார்கள். உழைப்பின் பாரத்தை உலகுக்குக் காட்டிய படம் அது. முதுகு நிமிர்ந்த பிறகு அந்தப் பெண் யார் என்று கேட்டவர் பிஸ்ஸாரோ.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். வீராணம் தண்ணீர் பாயும் வயல்களில் நடவு நடந்தால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறோம். பச்சை நாற்று, வரிசையாகக் குனிந்த முதுகுகள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களைப் பார்த்து இரக்கப்படுகிறோம். பிச்சாவரத்தில் சேற்றுநீரில் இறால் தடவும் இருளர் பெண்களைப் படகிலிருந்து வியக்கிறோம். வியப்பிலும் இரக்கத்திலும் வேலை தெரிகிறது. வேலை செய்கிறவள் தெரிவதில்லை.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 2021-இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜா இதை மாற்றினார். அவர் பாணி பிஸ்ஸாரோவுடையதிலிருந்து வேறு, அச்சு அசலான யதார்த்தம். ஆனாலும் கதவு வழியே வந்து விழும் வெளிச்சத்தில் கறுத்த நிறத்துப் பெண்கள் தங்கள் வீட்டில், தங்கள் நினைவில் இருக்கிறார்கள். அந்த நிறத்தை நம் விளம்பரங்கள் ஒதுக்கிய காலத்தில் அவர் அதை அத்தனை நிதானமாக வரைந்தார்.

ஓய்ந்திருப்பவளை அழகாக வரைந்தால் அவளுடைய கூலிப் பிரச்சினை மறைந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குனிந்திருக்கும்போது மட்டும் ஒருத்தியைப் பார்க்கும் ஊர், அவளைக் கையாகத்தான் கணக்கிடும். கைக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்றுதான் பேரம் பேசும். அவளுக்கும் சும்மா உட்கார ஒரு நாழிகை உண்டு, அதில் அவளுக்கென்று ஒரு நினைப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட ஊரால் அப்படிப் பேரம் பேச முடியாது. உழைக்கிறவர்களுக்கு நாம் தரவேண்டிய முதல் மரியாதை, அவர்கள் உழைக்காத நேரத்தையும் மதிப்பதுதான்.