குறுகும் இடம்

இன்னும் விடியவில்லை. மோட்டார் ஓடுகிறது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை.

சுவரில் கை வைக்கிறேன். அதிர்வு இருக்கிறது. உள்ளே சுற்றுவது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

நிறுத்துகிறேன்.

நின்ற பிறகுதான் காது திறக்கிறது. தூரத்தில் மில் பஸ். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறது. அப்புறம் ஒன்றுமில்லை.

மேற்கே மலை. இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டு.

*

மிஸ்திரி குழாய்களை மேலே எடுத்துவிட்டார். 80 அடி. முற்றத்தில் நீளமாகக் கிடக்கின்றன. இரண்டு. ஒன்று தண்ணீரைக் கீழே அனுப்ப, ஒன்று மேலே கொண்டுவர.

அடிமுனையில் ஜெட். அதற்குள் நாசில். பித்தளை. கட்டைவிரல் நுனி அளவு.

உள்ளங்கையில் குளிர்கிறது. இத்தனை பித்தளையும் நடுவில் இருக்கும் துளையைச் சுற்றி நிற்பதற்குத்தான்.

"தேஞ்சு போச்சு அண்ணாச்சி. போன தண்ணியே சுத்திச் சுத்தி வருது. புதுத் தண்ணிய இழுக்கல."

துளையின் விளிம்பை நகத்தால் தடவுகிறேன். ஒரு பக்கம் வழவழப்பு. இன்னொரு பக்கம் சிறு பள்ளம். மணல் அரித்த இடம். எத்தனை வருஷத்து மணல். ஒரு குருணைகூட ஒட்டியிருக்கவில்லை.

*

கீழே போகும் தண்ணீர் நாசிலுக்கு வந்ததும் குறுகுகிறது. குறுகியதும் விரைகிறது. துளையின் விட்டம் பாதியானால் வேகம் நான்கு மடங்கு.

விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுக்குள், சும்மா நின்றிருந்த தண்ணீர் நுழைகிறது. இரண்டும் சேர்ந்து வெஞ்சூரி என்னும் குழாயின் தொண்டைக்குள் போகின்றன. தொண்டை தாண்டியதும் வழி மெல்ல அகலுகிறது. வேகம் தணிந்து அழுத்தமாகிறது. ஏறுகிறது.

இறங்கிய தண்ணீர், நின்ற தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஜியோவான்னி பட்டிஸ்டா வெஞ்சூரி. இத்தாலிக்காரர். குறுகும் குழாய்களைப் பற்றி 1797இல் எழுதியவர். ராஜபாளையத்து மிஸ்திரி அவர் பெயரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார். ஸ்பானர் சொல்வதுபோல.

*

மேலே இருந்துகொண்டு உறிஞ்சினால் தண்ணீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. அதுவும் கணக்கில்தான். நடைமுறையில் 25 அடி.

உறிஞ்சுவது என்று சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றுதான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. காற்றின் எடையால் அவ்வளவுதான் முடியும்.

அதற்குக் கீழே இருப்பதை எடுக்க, தண்ணீரையே அனுப்ப வேண்டியிருக்கிறது.

*

கடை. பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் நாசில்கள், வெஞ்சூரிகள். ஒன்றோடொன்று உரசும் மெல்லிய ஓசை.

எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்று கடைக்காரர் கேட்கவில்லை. எத்தனை அடி என்று கேட்கிறார்.

80 என்கிறேன். மிஸ்திரி தலையசைக்கிறார். "தண்ணி இறங்கிருச்சு. 100ல விடணும்."

ஆழம் கூடினால் வெஞ்சூரியின் தொண்டை சிறுக்க வேண்டும். நாசிலும் தொண்டையும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது ஒத்துழைக்காது. கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். அவசரம் இல்லை. அந்த அவசரமின்மை பிடித்திருக்கிறது.

"கம்மியாத்தான் வரும். ஆனா வரும்."

*

நடந்து வருகிறேன். மூச்சு கவனத்துக்கு வருகிறது.

உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, வாயை அகலத் திறந்து ஊதுகிறேன். சூடு.

உதட்டைக் குவித்து ஊதுகிறேன். குளிர்.

அதே மார்பு. அதே காற்று. குவிந்த உதட்டிலிருந்து விரையும் மூச்சு வழியிலிருக்கும் வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு கைக்கு வருகிறது. குளிர்வது பாதிக்கு மேல் வெளியே இருந்த காற்று.

சின்ன வயதில் தெரிந்த விஷயம். காரணம் இல்லாமல் தெரிந்திருந்தது.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீடு. விறகடுப்பு. பக்கத்தில் ஊதாங்குழல்.

ஒரு முனை வாய் வைக்க அகலம். மறுமுனையில் சிறு துளை. கரி பிடித்தது. பெரியம்மா குனிகிறாள். கன்னம் உப்புகிறது. சாம்பல் ஒதுங்கி, உள்ளே ஒரு புள்ளி சிவக்கிறது. அந்தப் புள்ளியை மட்டும் ஊதுகிறாள். அடுப்பு முழுவதையும் ஊதுவதில்லை.

இரண்டு மூச்சுக்கு நடுவே அவள் குழலை வாயிலிருந்து எடுத்துவிடுவாள். எடுக்காமல் இழுத்தால் புகை உள்ளே வரும்.

அந்தச் சிறு இடைவெளி ஞாபகம் இருக்கிறது. என்ன சமைத்தாள் என்பது இல்லை.

*

தங்கை மகன் மில்லில் இருக்கிறான். ஏர்ஜெட் தறி. ஓடம் கிடையாது. நாசில் வழியே வரும் காற்று ஊடை நூலை எறிகிறது. துணியின் அகலத்துக்கு ஒரே மூச்சு போதாது. வழியெல்லாம் சிறு நாசில்கள். ஒன்று விட்டதை அடுத்தது வாங்கிக்கொள்கிறது.

காற்று தெரிவதில்லை. நூல் போவதும் தெரிவதில்லை. துணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது.

*

அய்யனார் கோவில் ஆறு. பாறைகளுக்கு நடுவே ஓர் இடம். அதுவரை ஆறு அகலமாக, பேசாமல் வருகிறது. இரண்டு பாறை நெருங்கும் இடத்தில் வெள்ளையாகிறது. அதைத் தாண்டியதும் மறுபடி பச்சை. மறுபடி பேச்சில்லை.

கணுக்கால் அளவுதான். நடுவில் கால் வைக்கிறேன். தள்ளுகிறது. ஓரத்தில் வைக்கிறேன். தெரியவே இல்லை.

*

1977 ஆகஸ்ட். கங்கா சாகர். கடலிலிருந்து மூன்று ஜெட் படகுகள் கங்கையை எதிர்த்து ஏறத் தொடங்குகின்றன. எட்மண்ட் ஹிலாரி. எவரெஸ்டில் நின்று 24 வருஷம் ஆகிவிட்டது. இப்போது தண்ணீர் வழியே மலைக்குப் போகிறார்.

படகை ஓட்டுபவர்களில் ஒருவர் ஜான் ஹாமில்டன். ஜெட் படகை உருவாக்கிய பில் ஹாமில்டனின் மகன்.

பில் ஹாமில்டன் நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அவர் ஊர் ஆறுகளில் வேகம் உண்டு, ஆழம் இல்லை. அடியெல்லாம் கூழாங்கல். விசிறி வைத்த படகு கல்லில் அடிபடும். 1950களில் அவர், அடியில் தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சும் பம்பைப் படகில் வைக்கிறார். முதலில் பீய்ச்சுவது தண்ணீருக்குள். படகு தயங்குகிறது. பிறகு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. படகு விரைகிறது.

தண்ணீரைத் தண்ணீருக்குள் தள்ளாமல், காற்றுக்குள் விட்டது.

*

அந்தப் படகிலும் பின்னால் ஒரு நாசில். அங்கேயும் தேர்வு.

சுமை ஏற்றிய படகுக்கு அகன்ற வாய். நிறையத் தண்ணீர், மெதுவாக. இலகுவான படகுக்குக் குறுகிய வாய். கொஞ்சம் தண்ணீர், வேகமாக. ரொம்பக் குறுக்கினால் பம்பு திணறும். ரொம்ப அகலமாக்கினால் பம்புக்குள் குமிழ்கள் பிறந்து உடையும். உடையும் குமிழ் உலோகத்தைக் குடையும்.

குமிழுக்குள் அவ்வளவு பலம். யோசனை அங்கேயே நிற்கிறது. நிற்கட்டும்.

*

ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. நாசிலில் இருந்து வெளியேறும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பினால் படகு திரும்பும். விசையைக் குறைத்தால் திரும்புவதும் போய்விடும்.

எதிரே பாறை. கை தானாகக் குறைக்கப் பார்க்கும். குறைக்கக்கூடாது.

இதைப் படித்த அன்று வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நந்தப்பிரயாகையில் ஓர் அருவி. ஹிலாரியின் படகுகள் அங்கே நின்றுவிட்டன.

*

மதியம். வெயில் முற்றத்தில் நேராக விழுகிறது. குழாய்கள் மறுபடி இறங்குகின்றன. நீளத்துக்கு நீளம் இணைத்து, கயிற்றில் பிடித்து. மிஸ்திரி பேசுவதில்லை. கூட வந்த பையன் மட்டும் "விடு, விடு" என்கிறான்.

புது நாசில் கீழே போய்விட்டது. இனி கண்ணில் படாது.

பழையது ஜன்னல் விளிம்பில். எறியவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

*

ஓட்டுவதற்கு முன் குழாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய் முழுக்க நிறைய வேண்டும். காற்று இருந்தால் எடுக்காது.

வீட்டில் தண்ணீர் இல்லை. நகராட்சித் தண்ணீர் இன்றைக்கு முறை இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா இரண்டு குடம் தருகிறாள். எதற்கு என்று கேட்கவில்லை. "போதுமா?" என்று மட்டும்.

ஊற்றுகிறேன். குழாய் குடிக்கிறது. உள்ளே எங்கோ களக் களக் என்று காற்று வெளியேறுகிறது. சத்தம் நிற்கும்வரை ஊற்றுகிறேன்.

*

மோட்டார்.

ஒன்றுமில்லை.

மிஸ்திரி வால்வை அரைச் சுற்று மூடுகிறார். காத்திருக்கிறார். காதைக் குழாய்ப் பக்கம் சாய்த்திருக்கிறார். நெற்றியில் ஒரு துளி வியர்வை, விழாமல்.

குழாய் இருமுகிறது. ஒரு வாய் காற்று. ஒரு வாய் செம்மண் நீர். மறுபடி காற்று.

பிறகு நூல் போல. பிறகு விரல் பருமன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் கூடவில்லை.

*

அக்காவின் குடத்தை அடியில் வைக்கிறேன். கலங்கல் தெளியட்டும் என்று முதல் குடத்தைத் தென்னைக்கு ஊற்றிவிட்டேன். இது இரண்டாவது.

மெதுவாக நிறைகிறது. வெறுங்குடத்தில் தடித்த சத்தம். வயிறு நிறைய நிறைய ஏறுகிறது. கழுத்துக்கு வரும்போது மெலிகிறது.

தண்ணீர் இன்னும் குளிராக இருக்கிறது. 100 அடிக் குளிர்.

கையை எடுக்கவில்லை.