திருச்சியைப் பார்த்து

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் எப்போதும் மேற்குப் பார்த்தே இருக்கும். எங்கள் மன்னார்குடிக்கு மேற்கே திருச்சி வானொலி நிலையம்; அதனால் அப்பா அப்படி வைத்தார். துடைக்க எடுத்தால், "திருச்சியப் பாத்து வைம்மா" என்று திண்ணையிலிருந்தே குரல் வரும். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. தோலுறை பிய்ந்துவிட்டது. முள்ளை இழுக்கும் நூலை இரண்டு தடவை மாற்றியாயிற்று. பெட்டி இன்னும் பாடுகிறது, மேற்குப் பார்த்தபடி.

திசை ஏன் முக்கியம் என்பதை, நூல் மாற்றிய மெக்கானிக்தான் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே விரல் கனத்தில் ஒரு கருப்பு ஃபெரைட் தண்டு. அதன்மேல் மெல்லிய செப்புக்கம்பிச் சுற்று. மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல். தண்டின் முனை நிலையத்தை நோக்கி நீண்டால் குரல் தேய்ந்துபோகும். குறுக்கே கிடந்தால் நன்றாக வாங்கிக்கொள்ளும். தண்டு பெட்டியின் நீளவாட்டில் கிடப்பதால், பெட்டியின் முகம் திருச்சிக்கு நேராக இருக்க வேண்டும். அப்பா இதையெல்லாம் படித்தவர் இல்லை. காது சொன்னபடி வைத்தார்.

"போன்லயே திருச்சி ஸ்டேஷன் வருதேம்மா, இரைச்சல் இல்லாம" என்கிறான் மகன். வருகிறதுதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் போன் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறது. நேற்று ஒரு பாட்டுக் கேட்டால் இன்று அதே சாயலில் இருபது பாட்டை எடுத்து நீட்டுகிறது. சில மாதங்கள் அதில் சுகமாகத்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் தோன்றியது: நான் எதிர்பாராத ஒன்று என் காதில் விழுந்து எவ்வளவு நாளாயிற்று?

என் தாத்தா ரேடியோவிடம் நெல்லைப் பற்றிக் கேட்கவில்லை. 1960களில், ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்ற புது ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொல்லிவந்தது. தஞ்சை மாவட்டத்தில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பேர் விழுந்துவிட்டது. நாதஸ்வரம் கேட்க உட்கார்ந்தவர் காதில் நாற்றங்கால் விழுந்திருக்கிறது.

வானொலிக்கு நான் யார் என்று தெரியாது. பருத்தி விலை, கர்ப்பிணிகளுக்கு யோசனை, நான் கேள்விப்பட்டிராத ஒரு கிராமத்தின் கும்மிப்பாட்டு என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போகிறது. தனக்கென்று சமைத்ததை மட்டுமே தின்றுவந்தவள் பந்தியில் போய் உட்கார்ந்த மாதிரி. பக்கத்து இலையில் யார் என்று தெரியாது. பரிமாறுவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, டவர்கள் ஓய்ந்தன, போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்பாவின் பெட்டிக்குப் புது செல் போட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். தெரு முழுக்க வந்து சுற்றி உட்கார்ந்தது. எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதிருந்த பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். "திருச்சியப் பாத்து வைங்க" என்றார். எங்கள் வீட்டு வழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெருவுக்கே தெரிந்திருந்தது.

பொழுது சாய்ந்தால் மீடியம் வேவில் ஊர்கள் பெருகும். பகலில் அலைகளை விழுங்கும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இரவில் கலைந்துவிட, எங்கெங்கோ உள்ள நிலையங்கள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இறங்கும். தெலுங்கு, கன்னடம், பேர் தெரியாத ஒரு பாஷை. அவை வந்து சேர நானும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். போன் சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் இரைச்சலைக் கிளப்பும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன். இருட்டில் முள்ளை மயிரிழை அளவு நகர்த்தி, பெட்டியைக் கொஞ்சம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு குரல் மெல்லத் தெளிந்து வரும். அந்த நிமிஷத்துக்காகவே நான் இதை விடவில்லை.

மின்னலும் ரேடியோவில் கேட்கும். இடி காதுக்கு எட்டுமுன்பே பாட்டின் நடுவே 'கரக்' என்று வெட்டும். அப்பா அதைக் கேட்டுத்தான் களத்து நெல்லை மூடச் சொல்வார். நேற்று இரவு அப்படி மூன்று தடவை வெட்டியது. முற்றத்தில் காயவைத்த புளி அப்படியே கிடந்தது. எழுந்துபோய்த் தார்ப்பாயை இழுத்து மூடினேன். தலைக்குமேல் நட்சத்திரங்கள் இருந்தன.