சமாதானம் சொல்கிறவர்கள்

தமிழில் ‘சமாதானம்’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம். தேவாலயத்தில் அது உள்ளத்தின் அமைதி. வேலைக்குத் தாமதமாக வந்தவர் ‘ஏதோ சமாதானம் சொல்கிறார்’ என்றால் அது சாக்குப்போக்கு. துக்க வீட்டில் இந்த இரண்டில் எது பேசப்படுகிறது என்பது பல நேரங்களில் பேசுகிறவருக்கே தெரிவதில்லை. “தேவ சித்தம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்துவிடுகிறார்கள். சொன்னவர் மனம் லேசாகிவிடுகிறது. கேட்டவர் பாரம் அப்படியே கிடக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆராதனைக்குப் போகலாம் என்று முற்றத்தில் நின்றிருந்தார்கள். பையோடு வந்த முன்பின் தெரியாத ஒருவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் சந்தேகப்பட்டு மறித்தார், உள்ளே விடவில்லை. வெளியிலேயே குண்டு வெடித்தது. ஆலயத்துக்குள் நிறைந்திருந்த கூட்டம் தப்பியது. மறித்தவர் தப்பவில்லை, முற்றத்தில் நின்ற பிள்ளைகளில் பலரும் தப்பவில்லை. அதே காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்பின் சொகுசு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மாண்டவர்கள் 250 பேருக்கு மேல்.

பிள்ளைக்குத் தலைவாரி, புதுச்சட்டை போட்டு அனுப்பிய ஒரு தாயிடம் போய் “சமாதானமாயிருங்கள்” என்று சொல்வது அறமா? அவளே ஒரு நாள் ஜெபத்தில் அமைதி கண்டால், அது செத்துப்போன பிள்ளைக்குச் செய்யும் துரோகமா? இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஒன்றல்ல.

இரண்டாவதற்கு விடை சொல்வது எளிது. விசுவாசம் தரும் அமைதியை மயக்க மருந்து என்று ஒதுக்குகிறவர்கள், அந்த மருந்து இல்லாமல் ராத்திரியைக் கடக்க வேண்டிய நிலை தங்களுக்கு வந்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட ஆகாத ஜூன் மாதத்தில் கொச்சிக்கடை ஆலயம் மறுபடி திறக்கப்பட்டபோது, அதே கூரையின் கீழ் வந்து மண்டியிட்டவர்களை ஏமாளிகள் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. துயரப்படுகிறவர் தாமே தேடிக் கண்ட அமைதி அவருடைய சொத்து. அதற்கு அவர் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

முதல் கேள்விதான் சிக்கலானது. இதில் வேதாகமமே, சமாதானம் சொல்ல ஓடி வருகிறவர்களின் பக்கம் நிற்கவில்லை. யோபுவின் கதையைப் பொறுமையின் கதை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி யோபுவின் முறையீடுதான். பிறந்த நாளையே சபிக்கிற முறையீடு. பார்க்க வந்த எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பேசத் தொடங்கியதும் கடவுளுக்காக வாதாடினார்கள். துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யார்மேல் மூண்டது? முறையிட்டவன்மேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல். பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவும் முதலில் அழுதார். சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவரே அழுதார் என்றால், அது தெரியாத நமக்கு என்ன அவசரம்?

துக்க வீட்டில் அவசரப்படுவது அறியாமை, மன்னித்துவிடலாம். பொறுப்பில் இருக்கிறவர்கள் அதே சொல்லை எடுக்கும்போதுதான் அது குற்றமாகிறது. இந்தத் தாக்குதல் பற்றி இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை போயிருந்தது. கொழும்பில் அது மேசை விட்டு மேசை நகர்ந்ததே தவிர, ஒரு தேவாலயத்தின் வாசலுக்கும் வந்து சேரவில்லை. அப்படிப்பட்ட அரசு, மாண்டவர்களின் குடும்பத்தைப் பார்த்து அமைதி காக்கச் சொல்லும்போது அது எந்தச் சமாதானம்? அலுவலகத்துச் சமாதானம்தான்.

கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் நடந்துகொண்ட விதம் இங்கே கவனிக்கத் தக்கது. முதல் நாட்களில் அவர் தம் மக்களைக் கெஞ்சிக் கேட்டது, பழிவாங்கக் கிளம்பிவிடாதீர்கள் என்பதை. அது வீண் கவலையல்ல. நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள், குண்டுவெடிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். மே மாதம் அதே பழிவெறியில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் அறிவித்தார். அத்தோடு விட்டிருந்தால் ஆட்சியாளர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் விடவில்லை. 2021 மார்ச் 7ஆம் தேதியைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று அனுசரித்து, கத்தோலிக்கர்கள் கறுப்பு உடுத்தித் திருப்பலிக்கு வந்தார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

மன்னித்துவிட்டு மறுபடி கேள்வி கேட்பது முரண் என்று சிலர் குறை சொன்னார்கள். முரண் எதுவும் இல்லை. மன்னிப்பு என்பது தன் மனதிலிருக்கும் நஞ்சை இறக்கி வைப்பது. அதைப் பார்த்துவிட்டு, கடமை தவறிய அதிகாரி தன் கோப்பை மூடிவிட முடியாது. சொல்லப்போனால், நஞ்சை இறக்கி வைத்தவரால்தான் வருடக்கணக்காக நிதானம் இழக்காமல் கேட்டுக்கொண்டிருக்க முடிகிறது. வெறி ஒரு மே மாதத்தில் அடங்கிவிடும், அதற்குள் அப்பாவி ஒருவனின் கடை எரிந்திருக்கும். 2023 ஜனவரி 12 அன்று இலங்கையின் உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. காவல், உளவு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைவர்கள்மேலும் கோடிகளில் தொகை விதித்தது. பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் ‘யாரும் பொறுப்பில்லை’ என்ற அந்த இன்னொரு சமாதானம் அன்றைக்குச் செல்லாமல் போயிற்று.

உயிர்த்த இயேசு, கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்த சீடர்களிடம் வந்து சமாதானம் வாழ்த்தினார் என்று யோவான் எழுதுகிறார். வாழ்த்திய கையோடு, கையிலும் விலாவிலும் இருந்த காயங்களைக் காட்டினார். உயிர்த்த உடலிலும் காயம் ஆறி மறைந்துவிடவில்லை. மறைக்கவும் அவர் நினைக்கவில்லை.

கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் உயிர்த்த இயேசுவின் சிலை ஒன்று இருக்கிறது. அன்று காலை வழிபாட்டுக்கு வந்தவர்களின் ரத்தம் அதன்மேல் தெறித்தது. ஆலயத்தின் கூரையைச் செப்பனிட்டார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சிலையை மட்டும் கறையோடு கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.